வெள்ளவத்தையில் வாழ்ந்த காதல் கவிஞரும் பெயர் எழுதப்படாத பெண்ணும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் இன்று கண்ணில் படுவது தொடர்மாடிகள்தான். புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை, அப்புறம் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். மாலையானால் மரைன் டிரைவில் காற்று வாங்கக் குடும்பம் குடும்பமாக வந்து விடுகிறோம். தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு முன் இதே கரையில், தென்னை மரங்களுக்கிடையே ஒரு சிறிய பங்களாவில், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு வெளிநாட்டு இளைஞர் தனியாகக் குடியிருந்தார் என்பது அங்கு வசிப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் பாப்லோ நெரூடா. பின்னாளில் 1971ஆம் ஆண்டின் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர். உலகில் காதல் கவிதை என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. தமிழிலும் அவரைப் பலர் மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் பல்கலைக்கழக மாணவர்கள் முகநூலில் அவருடைய வரிகளைப் பகிர்கிறார்கள். காதலைப் பற்றி எழுதிய ஒருவர் அந்தக் காதலை எங்கிருந்து எடுத்தார், அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை எந்த எழுத்தாளரைப் பற்றியும் கேட்கலாம். ஆனால் நெரூடா விடயத்தில் அந்தக் கேள்வியின் ஒரு முனை நம் ஊரிலேயே, வெள்ளவத்தையிலேயே கிடக்கிறது. அதனால்தான் இக்கட்டுரை.

மழை ஊரில் வளர்ந்த பிள்ளை

1904 ஜூலை 12ஆம் திகதி சிலியின் பர்ரால் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ரிகார்டோ நெஃப்தாலி ரேயெஸ். பிறந்து இரண்டு மாதங்களில் தாய் காசநோயால் இறந்து போனார். தந்தை புகையிரதத் தொழிலாளி. தண்டவாளங்களுக்குச் சரளைக்கல் கொட்டும் வண்டியில் வேலை. பிழைப்புத் தேடி தெற்கே தெமூகோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஓயாத மழையும் காடும் மரவீடுகளும் கொண்ட ஊர் அது. தாயை அறியாத பிள்ளையை மாற்றாந்தாய் அன்போடு வளர்த்தார். அந்த அம்மையாரைப் பற்றிக் கடைசிவரை நெரூடா நன்றியோடுதான் எழுதினார்.

மகன் கவிதை எழுதுவது தந்தைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் பதினாறு வயதில் பாப்லோ நெரூடா என்ற புனைபெயரைப் பையன் சூட்டிக்கொண்டார். 1946இல் அதுவே சட்டப்படியான பெயருமாயிற்று. தெமூகோவின் பெண்கள் பாடசாலைக்கு அதிபராக வந்தவர் கப்ரியேலா மிஸ்திரால். பின்னாளில் 1945இல் நோபல் பரிசு பெற்ற பெண் கவிஞர். ரஷ்ய நாவலாசிரியர்களின் புத்தகங்களை அந்தச் சிறுவன் கையில் கொடுத்தவர் அவரே. காதலும் துரோகமும் குற்றவுணர்வும் நிறைந்த அந்த நாவல்களை மழைச்சத்தத்தில் உட்கார்ந்து படித்து வளர்ந்தார் நெரூடா.

தலைநகர் சந்தியாகோவுக்குப் பிரெஞ்சு மொழி ஆசிரியராகப் படிக்கப் போனவர் படிப்பை முடிக்கவில்லை. 1924இல், இருபது வயது நிரம்புமுன், இருபது காதல் கவிதைகள் கொண்ட ஒரு சிறுநூலை வெளியிட்டார். ஸ்பானிய மொழியில் மிக அதிகமாக விற்ற கவிதை நூல்களில் ஒன்றாக அது பின்னர் ஆனது. அந்த நூலுக்குள் ஒரு பெண் அல்ல, இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் தெமூகோவில் பழகிய பெண். மற்றவர் சந்தியாகோவில் உடன் படித்த அல்பெர்தினா. யாருக்காக எந்தக் கவிதை என்று பிரித்தறிய முடியாதபடி இருவரையும் ஒரே குரலில் பாடியிருந்தார். அவர் வாழ்க்கை முழுக்க நடக்கப் போவதற்கு அதுவே முன்னறிவிப்புப் போல இருந்தது.

வரைபடத்தில் ஒரு பள்ளம்

கவிதை சோறு போடவில்லை. வெளிநாட்டு அமைச்சில் அலைந்து திரிந்து ஒருவழியாக ஒரு நியமனம் பெற்றார். காலியாக இருந்த பதவிகளை அமைச்சர் வாசித்துக்கொண்டு போனபோது ஏதோ ஓர் ஊரின் பெயர் மட்டும் காதில் விழுந்ததாம், அதையே கேட்டுவிட்டாராம். நண்பர்கள் எங்கே போகிறாய் என்று கேட்டபோது அவருக்கு அந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. பிறகு உலக உருண்டையில் தேடிப் பார்த்தார்கள். அந்த ஊர் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டை நசுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. அந்த ஊர்தான் ரங்கூன். 1927இல் கௌரவ கொன்சலாக அங்கு போய் இறங்கினார்.

கௌரவ கொன்சல் என்றால் சம்பளம் கிடையாது. சிலிக்குச் சரக்கு ஏற்றும் கப்பல் வந்தால் பத்திரங்களுக்கு முத்திரை குத்தி அதில் வரும் கட்டணம்தான் வருமானம். தேயிலையும் மெழுகும் ஏற்றிக்கொண்டு மூன்று மாதத்துக்கொரு கப்பல் போகும். மற்ற நாட்களில் வேலையுமில்லை, பணமுமில்லை. ஆங்கிலேயரின் கழகங்களில் ஒட்டவும் முடியாமல், ஊர் மக்களின் மொழியும் தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

அங்கேதான் ஜோசி பிளிஸ் அவர் வாழ்வில் வந்தார். பர்மியப் பெண். வேலைக்குப் போகும்போது ஆங்கில உடையும் ஆங்கிலப் பெயரும். வீட்டுக்குள் வந்தால் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத் தன் சொந்த உடையிலும் பெயரிலும் இருப்பார். அந்தச் சொந்தப் பெயர் என்னவென்று நெரூடா எங்கேயும் எழுதவில்லை. கவிஞரை அந்தப் பெண் மிகவும் நேசித்தார், அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட்டார். தூரதேசத்திலிருந்து கடிதம் வந்தாலும் தந்தி வந்தாலும் அவருக்குப் பொறுக்காது. இரவில் கண்விழித்துப் பார்த்தால் வெள்ளை உடையில் கையில் நீண்ட கத்தியோடு கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாராம்.

இதெல்லாம் நெரூடாவின் வாயால் நாம் கேட்பது. அந்தப் பெண்ணின் பக்கக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. தூரதேசத்திலிருந்து கடிதங்களைப் பெற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதனோடு வாழ்ந்த பெண் சந்தேகப்பட்டார் என்றால் அது வெறும் பைத்தியம் என்று தள்ளிவிடக்கூடியதா என்பதை வாசகர்கள் யோசிக்கலாம்.

இடமாற்ற உத்தரவு வந்ததும் நெரூடா ஒருநாள் வழக்கம்போல வேலைக்குப் போவதுபோல் புறப்பட்டு, உடைகளையும் புத்தகங்களையும் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டார். வங்காள விரிகுடாவில் கப்பல் ஆடத் தொடங்கியதும் அந்தப் பெண்ணைப் பற்றிய கவிதையை எழுதத் தொடங்கியதாக அவரே பின்னாளில் சொல்கிறார். விட்டுவிட்டு ஓடியவரின் துயரத்தைப் பாடும் அந்தக் கவிதை இன்று ஸ்பானிய மொழியின் பெரிய காதல் கவிதைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. விடப்பட்டவர் ரங்கூனில் இருந்தார். கவிதை கப்பலில் இருந்தது.

வெள்ளவத்தை வீடு

1929 தொடக்கத்தில் கொழும்பு வந்தார். கோட்டையின் கொன்சல் வேலைகளுக்கு அருகில் ஆங்கிலேயர் வசிக்கும் பகுதிகளை விட்டு, அப்போது புறநகராக இருந்த வெள்ளவத்தையில் கடலோரமாக வீடெடுத்தார். ஒரு வேலையாள், ஒரு நாய், ஒரு கீரிப்பிள்ளை. இவ்வளவுதான் குடும்பம். கீரியின் பெயர் கிரியா. கீரி என்ற நம் சொல்தான் அவர் நாவில் அப்படித் திரும்பிற்றோ என்று நினைக்கத் தோன்றும். அது அவர் மேசையில் சாப்பிட்டது, தோளில் ஏறித் தூங்கியது.

கிரியாவைப் பற்றி அவர் சொல்லும் ஒரு கதை வெள்ளவத்தைக் காரர்களுக்குப் பிடிக்கும். ஒழுங்கையில் பயங்கரமான விரியன் பாம்பொன்று வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்துத் தமிழ், சிங்களப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பாம்போடு சண்டை போடக் கீரியைக் கொண்டு வரச் சொன்னார்கள். நெரூடாவும் பெருமையோடு கிரியாவைக் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க, பிள்ளைகள் ஊர்வலமாகப் பின்னால் வந்தார்கள். கீரி மெல்லப் பாம்பை நெருங்கியது, முகர்ந்து பார்த்தது, சட்டென்று திரும்பி எல்லோரையும் தாண்டி வீட்டுக்கு ஓடிப்போய்விட்டது. அன்றோடு வெள்ளவத்தைப் பிள்ளைகளிடம் தன் மதிப்புப் போயிற்று என்று எழுதுகிறார்.

ஆங்கிலேயர் விருந்துகளுக்குப் போவதென்றால் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் அப்படிப் போகும் வழியில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாட்டைக் கேட்டு இருட்டில் நின்றுவிட்டார். விருந்துக்குத் தாமதமாகப் போய்ச் சங்கீதம் கேட்டு நின்றேன் என்று சொன்னபோது, இவர்களுக்குச் சங்கீதமும் இருக்கிறதா என்று அங்கிருந்தவர்கள் வியந்தார்களாம். இருபத்தைந்து ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இந்தத் தனிமையில் அவருக்குக் கிடைத்த நல்ல நட்பு லயனல் வென்ட். இன்று கொழும்பு 7இல் நாடகம் பார்க்கப் போகும் அரங்கின் பெயரில் வாழ்பவர். பியானோ வாசிப்பாளர், புகைப்படக் கலைஞர், இளம் ஓவியர்களுக்குத் துணை நின்றவர். ஓவியர் ஜோர்ஜ் கீட்டும் அந்த வட்டத்தில்தான் இருந்தார். வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரர் வென்ட்டின் வீட்டிலிருந்து சாக்கு நிறையப் புத்தகங்களை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். அந்த நாட்களில் படித்த ஆங்கிலப் புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை என்கிறார் நெரூடா.

அந்தச் சாக்கில் ஒருமுறை வந்தது டி.எச். லோரன்ஸ் எழுதிய லேடி சாட்டர்லியின் காதலன் என்ற நாவல். 1928இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் தனிப்பட்ட முறையில் அச்சிடப்பட்ட முதற் பதிப்பு. கணவன் இருக்கத் தோட்டக் காவலாளியை நேசித்த ஒரு பெண்ணின் கதை அது. பிரித்தானியாவில் முழு வடிவில் அது பகிரங்கமாக வெளிவர 1960வரை, ஒரு பெரிய வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லோரன்ஸ் எங்கிருந்தோ கற்பனை செய்து அதை எழுதவில்லை. 1912இல் தன் பழைய பேராசிரியரின் மனைவியும் மூன்று பிள்ளைகளின் தாயுமான ஃபிரீடாவோடு ஊரைவிட்டுப் போனவர் அவர். பிள்ளைகளைப் பிரிந்த ஃபிரீடாவின் துயரமும் பிற்காலத்தில் ஃபிரீடா வேறொருவரை நாடியதும் அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தவை. இலங்கைக்கும் அவர் புதியவரல்ல. 1922இல் சில வாரங்கள் கண்டியில் தங்கிப் பெரஹரா பார்த்துவிட்டுப் போனவர்.

லோரன்ஸின் எழுத்தில் நெரூடாவுக்கு மயக்கம் இருந்தது. ஆனால் காதலைப் பற்றி வாசகனுக்குப் பாடம் நடத்த முற்படுகிறார் என்ற சலிப்பும் வந்தது. காதலைப் புத்தகத்தில் அல்ல, வாழ்க்கையில்தான் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாழ்க்கையில் அவர் எப்படிக் கற்றார் என்பதை அதே வீட்டில் நடந்த இரண்டு சம்பவங்கள் சொல்கின்றன.

வாசலில் வந்து நின்றவர்

முதல் சம்பவம் ஜோசி பிளிஸ் பற்றியது. வெள்ளவத்தையிலிருந்து நெரூடா சந்தியாகோவின் பழைய காதலி அல்பெர்தினாவுக்கு உருக்கமான கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வந்துவிடு, கல்யாணம் செய்துகொள்வோம் என்று 1929இல் மன்றாடியிருக்கிறார். அல்பெர்தினா வரவில்லை. பிற்காலத்தில் நெரூடாவின் நண்பரான இன்னொரு கவிஞரையே மணந்தார். ஆனால் அழைக்கப்படாத ஜோசி பிளிஸ் வந்தார். கடல் கடந்து, ரங்கூனிலிருந்து.

ரங்கூனைத் தவிர உலகில் வேறெங்கும் அரிசி விளையாது என்ற நினைப்பில் ஒரு மூட்டை அரிசியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். சுருட்டிய விரிப்பொன்று, இருவரும் சேர்ந்து கேட்ட இசைத்தட்டுகள். குடித்தனம் நடத்த வந்த பெண்ணின் சாமான்கள் இவை. நெரூடா வீட்டுக்குள் விடவில்லை. எதிரே தங்கிக்கொண்டு வருவோர் போவோரையெல்லாம் ஏசினார், வீட்டுக்குத் தீ வைப்பேன் என்று மிரட்டினார், பார்க்க வந்த ஒரு கலப்பினப் பெண்மீது கத்தியோடு பாய்ந்தார். பொலிஸார் தலையிட்டார்கள். இவரை வீட்டில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார்கள். இரக்கத்துக்கும் பயத்துக்கும் நடுவே நாட்கணக்கில் தவித்ததாக நெரூடா எழுதுகிறார். ஆனால் கதவு திறக்கவில்லை.

கடைசியில் அவரே திரும்பிப் போவதென்று முடிவெடுத்தார். துறைமுகம்வரை கூட வரச் சொல்லி ஒரே ஒரு வேண்டுகோள். கப்பல் புறப்படும் நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கவிஞரின் கைகளையும் கோட்டையும் முத்தமிட்டு, தடுக்குமுன் குனிந்து அவர் வெள்ளைச் சப்பாத்துகளையும் முத்தமிட்டார். எழுந்தபோது சப்பாத்துக்குப் பூசிய சுண்ணாம்பு கண்ணீரோடு சேர்ந்து முகமெல்லாம் அப்பியிருந்தது. அந்த முகத்தை ஒருபோதும் மறக்க முடியவில்லை என்பது நெரூடாவின் கூற்று. மறக்கவில்லைதான். முப்பதாண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கவிதை எழுதினார். வாசலில் நின்றபோது கிடைக்காத இடம் கவிதையில் கிடைத்தது.

பின்வளவில் நடந்தது

இரண்டாவது சம்பவத்தை எழுதுவது கடினம். ஆனால் அதை விட்டுவிட்டு வெள்ளவத்தை நெரூடாவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

அக்காலத்து வீடுகளில் இருந்தது வாளிக் கக்கூஸ். வீட்டின் பின்புறம் தனியாக ஒரு சிறு அறை, மரப்பலகையில் துளை, கீழே வாளி. ஒவ்வொரு நாளும் விடியுமுன் யாரோ வந்து வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். யாரென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லையென்றே நினைத்தார்கள். பிரித்தானியர் காலத்தில் கொழும்பில் இந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. ஊரின் அழுக்கைச் சுமந்த அவர்களைத்தான் ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கியது.

ஒருநாள் அதிகாலையில் எழுந்த நெரூடா அந்த வேலையைச் செய்பவரைக் கண்டார். இளம் தமிழ்ப் பெண். தலையில் வாளியோடு அவரை ஏறிட்டும் பாராமல் நடந்து போனார். அடுத்தடுத்த நாட்களில் கவிஞர் கூப்பிட்டுப் பார்த்தார். பட்டுத் துணியோ பழமோ வழியில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் எதையும் தொடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. ஆனாலும் அதைவிடத் தெளிவாக வேண்டாமென்று ஒருவர் சொல்ல முடியாது.

ஒருநாள் காலை நெரூடா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துச் சென்றார். அதற்குப் பின் நடந்ததற்குச் சட்டத்திலும் மனச்சாட்சியிலும் ஒரே பெயர்தான் உண்டு. அந்தப் பெண் அசையவில்லை, கண்களை மூடவுமில்லை. ஒரு சிலையோடு இருந்ததுபோல் இருந்தது என்றும், தன்னை அவர் வெறுத்தது சரிதான் என்றும், மறுபடி அது நடக்கவில்லை என்றும் தம் நினைவுக் குறிப்புகளில் நெரூடா எழுதினார். எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது மனதை உறுத்துவது குற்றம் மட்டுமல்ல, அது சொல்லப்பட்ட விதமும்தான். அந்தப் பெண்ணின் சேலை நிறம் வருகிறது, காலில் கிடந்த தண்டை வருகிறது, தென்னிந்தியச் சிலைகளோடு உவமை வருகிறது. பெயர் வரவில்லை. அந்தக் காலைக்குப் பிறகு அவர் எங்கே போனார், மறுநாள் அதே வாளியைத் தூக்க அதே வீட்டுக்கு வர வேண்டியிருந்ததா, வீட்டில் யாரிடமாவது சொன்னாரா என்ற கேள்விகளும் இல்லை. முறையிட அவருக்கு எந்த வாசலும் இருக்கவில்லை. கொன்சலுக்கு எதிராக வாளி தூக்கும் பெண்ணின் சொல்லைக் கேட்க அன்று எந்தப் பொலிஸ் நிலையம் இருந்தது?

தொடர்ந்த வரலாறு

1930இல் நெரூடா வெள்ளவத்தையை விட்டு பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, மாற்றலானார். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே மரியா அந்தோனியெத்தா ஹாகெனார் என்ற ஒல்லாந்தப் பெண்ணை மணந்தார். ரங்கூனிலும் வெள்ளவத்தையிலும் எழுதிய இருண்ட கவிதைகள் பூமியில் வாசம் என்ற பொருள்படும் தலைப்பில் 1933இல் நூலாக வந்தன. அவரைப் பெருங்கவிஞராக்கிய நூல் அதுவே.

1934இல் மட்ரிட் நகரில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மால்வா மரீனா. தலையில் நீர் கோத்து வீங்கும் நோயோடு பிறந்த குழந்தை. அதே நாட்களில் நெரூடாவின் மனம் தம்மைவிட இருபது வயது மூத்த டெலியா டெல் கரில் என்ற ஆர்ஜென்டினப் பெண்ணிடம் போயிருந்தது. 1936இல் மனைவியையும் மகளையும் பிரிந்தார். தாய் நோயாளிக் குழந்தையோடு ஒல்லாந்துக்குப் போய், ஹௌடா என்ற ஊரில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு வேலை செய்து பிழைத்தார். ஜேர்மனியர் பிடியில் அந்நாடு இருந்த 1943 மார்ச்சில் மால்வா மரீனா எட்டு வயதில் இறந்தாள். சில மாதங்களில் மெக்சிகோவில் நெரூடா டெலியாவை மணந்தார். தம் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த நூலில் அந்த ஒரே மகளைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த மௌனத்துக்கு மறுமொழி போல, இறந்துபோன அச்சிறுமியே பேசுவதாக ஒல்லாந்து எழுத்தாளர் ஹாகர் பீட்டர்ஸ் 2015இல் ஒரு நாவல் எழுதினார்.

டெலியாவுக்கும் அதே முறை வந்தது. மட்டில்டே உருத்தியா என்ற பாடகியோடு நெரூடா ஆண்டுக்கணக்கில் இரகசியமாக வாழ்ந்தார். ஒரு வீட்டில் மனைவி, அதே நகரில் இன்னொரு வீடு மட்டில்டேக்காக. இத்தாலியின் காப்ரித் தீவில் நிலவைச் சாட்சி வைத்து இருவரும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அங்கே எழுதிய காதல் கவிதைகள் 1952இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தன. டெலியா மனம் நோகக் கூடாதென்பதே காரணம் என்று பின்னர் விளக்கினார். நோகும் செயலைச் செய்வதில் தடை இருக்கவில்லை, பெயர் போடுவதில் மட்டும் தடை இருந்தது. 1955இல் டெலியாவுக்கு விடயம் தெரிந்து விலகினார். 1966இல் மட்டில்டேயோடு சட்டப்படி திருமணம். கடைசிக் காலத்தில் மட்டில்டேயின் உறவுப் பெண் ஒருவரோடும் தொடர்பு ஏற்பட, அதிலிருந்தும் ஒரு கவிதை நூல் பிறந்தது.

இவ்வளவையும் சொன்னதற்காக அவருடைய மறுபக்கத்தை மறைக்கத் தேவையில்லை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தோற்று அகதிகளான இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை 1939இல் வின்னிபெக் என்ற கப்பலில் ஏற்றிச் சிலிக்கு அனுப்பி வைத்தவர் அவர். சுரங்கத் தொழிலாளருக்காகப் பேசி, செனட்டராக இருந்தபோதே தலைமறைவாகி, குதிரையில் அந்தீஸ் மலையைக் கடந்து நாடு விட்டுப் போனவர். ஏழைகளின் கவிஞர் என்ற பெயரை அவர் சும்மா பெறவில்லை. அதனால்தான் வெள்ளவத்தைப் பின்வளவு இன்னும் அதிகமாகக் கேள்வி கேட்கிறது. உலகத்து உழைப்பாளிகளுக்காகப் பாடியவர், தம் வீட்டு வாளியைத் தூக்கிய உழைப்பாளிக்கு அநியாயம் செய்தார்.

திரும்பி வந்தபோது

1957இல் சமாதான மாநாடொன்றுக்காக நெரூடா மட்டில்டேயோடு மீண்டும் கொழும்பு வந்தார். வெள்ளவத்தைக்குப் போய்ப் பழைய வீட்டைத் தேடினார். மரங்கள் வளர்ந்து தெரு மாறிப் போயிருந்ததால் கண்டுபிடிக்கவே சிரமப்பட்டார். வீடு விரைவில் இடிக்கப்பட இருந்தது. அதே பயணத்தில் ரங்கூனுக்குப் போய் ஜோசி பிளிஸையும் தேடினார். குடியிருந்த பகுதியே இல்லாமற் போயிருந்தது. வீட்டைத் தேடியதை எழுதினார், காதலியைத் தேடியதை எழுதினார். வாளி தூக்கிய பெண்ணைத் தேடியதாக ஒரு வரி இல்லை.

1973 செப்டெம்பரில் சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பன்னிரண்டாம் நாள் அவர் இறந்தார். நினைவுக் குறிப்புகள் 1974இல் நூலாக வந்தன. அந்தப் பக்கம் அன்றிலிருந்து எல்லோர் கண்முன்னும் அச்சில் கிடந்தது. நாற்பது ஆண்டுகளாக உலகம் பெரும்பாலும் அதைக் கடந்தே போயிற்று. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோதுதான் சிலியின் பெண்கள் அமைப்புகள் வெள்ளவத்தைச் சம்பவத்தை முன்வைத்து எதிர்த்தன. பெயர் மாற்றப்படவில்லை. அவருடைய வாழ்க்கையின் சில பகுதிகள் அருவருப்பூட்டுகின்றன, ஆனாலும் எழுத்தைத் தூக்கியெறிய முடியாது என்ற நிலைப்பாட்டை நாவலாசிரியர் இசபெல் அயெந்தே எடுத்தார். நம் நாட்டில் அசோக ஹந்தகம 2021இல் அல்பொராதா என்ற திரைப்படத்தில் இச்சம்பவத்தை எடுத்துக்கொண்டார். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு விடியல் என்று பொருள். வாளி மாற்றப்படும் நேரம்.

எழுதுவது பரிகாரமாகுமா?

நெரூடாவுக்காகப் பேசுவோர் சொல்லும் ஒரு வாதம் உண்டு. அவர் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும், தாமாகவே ஒப்புக்கொண்டாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் ஒப்புக்கொண்டது வாசகரிடம். அநியாயத்துக்கு உள்ளானவரிடம் அல்ல. ஒருவருக்குச் செய்த தீங்கை அவரேதான் பொறுக்க வேண்டும், வேறு யாரும் அவருக்காகப் பொறுத்துவிட முடியாது என்பது நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கப்படுகிற விடயம். அழகான உரைநடைக்கு அந்த உரிமை மாறிப் போகாது.

காதலைப் பற்றியும் துரோகத்தைப் பற்றியும் எழுதுவோர் தம் வாழ்விலிருந்துதான் எடுப்பார்கள். அதில் தவறில்லை. லோரன்ஸ் எடுத்தார், நெரூடா எடுத்தார், நாளை நம் பிள்ளைகளில் ஒருவரும் எடுப்பார். ஆனால் வாழ்வு என்பது எழுதுபவருடையது மட்டுமல்ல. அதற்குள் இருந்த மற்றவர்களும் அதன் சொந்தக்காரர்கள். அரிசி மூட்டையோடு வந்தவர், ஹௌடாவில் இறந்த சிறுமி, வாளியோடு நடந்தவர், இவர்களுக்கு எழுதத் தெரியாமலோ எழுத வாய்ப்பில்லாமலோ போனதால் கதை முழுவதும் ஒருவர் கைக்குப் போய்விட்டது. ஆகவே நெரூடாவைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். படியுங்கள். பிள்ளைகளும் படிக்கட்டும். கவிதையைக் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுப்போம்.

இன்னொன்று. வாளிக் கக்கூஸ் ஒழிந்துவிட்டது. ஆனால் பின்வாசல் ஒழியவில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் தொடர்மாடிகளின் குப்பையை விடியுமுன் யாரோ வந்து எடுக்கிறார்கள். மலையகத்திலிருந்து வந்த ஒரு பெண் யாருடைய சமையலறையிலோ நிற்கிறார். நம் ஊர்ப் பெண்கள் வளைகுடா நாடுகளில் அந்நியர் வீடுகளில் அதே இடத்தில் நிற்கிறார்கள். வேண்டாமென்று சொல்லும் அவர்கள் வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு இருக்கிறது, முறையிட ஒரு வாசல் இருக்கிறதா என்பதுதான் 1929இல் கேட்கப்படாமல் போன கேள்வி. நாளைக் காலை குப்பை எடுக்க வருபவரின் பெயர் என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைக் கேட்டு அறிந்துகொள்வதிலிருந்தாவது தொடங்கலாம்.